அடிபட்ட இழையம்

தங்கச்சி சட்டையைக் கழற்றியபோது என் கண்ணில் முதலில் பட்டது கட்டி இல்லை. தோளிலிருந்து விலா வரைக்கும் கிடந்த அடிகள்தான். பழையவை மஞ்சளாகியிருந்தன, அதற்குப் பிந்தியவை பச்சை. இடது மார்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஊதாவும் கறுப்புமாக இருந்தது. அவள் புருஷன் எதனால் அடித்தான் என்று கேட்டேன்.

“ஹெல்மெட்டால. போன மாசமும் அதே எடம்தான்” என்றாள். பிறகு என் விரலைப் பிடித்து அந்த ஊதாவுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். உள்ளே சாதிக்காய் போல ஒன்று தட்டுப்பட்டது. தள்ளினால் நகரவில்லை.

“அடிச்சதாலதான் அக்கா கட்டிக்கிட்டிருக்கு. ரத்தக்கட்டு. ஒத்தடம் குடுத்தா கரைஞ்சிருமா?”

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பேராதனையில் நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸில், கட்டில் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்த ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து எனக்கு இன்னொரு பஸ். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவள் புருஷன் தெல்தெனியப் பக்கம் மரம் அரியும் ஆலையொன்றில் வேலை செய்தான். கல்யாணமான மூன்றாம் மாதமே கை நீட்ட ஆரம்பித்துவிட்டான். போன் எடுக்கச் சுணங்கினால் அடி, கறியில் உப்பு கூடினால் அடி, பதில் சொன்னால் அடி, சொல்லாவிட்டாலும் அடி. இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரியும். விட்டுவிட்டு வா என்று நான் சொன்னது அந்த மூன்று வருடத்தில் இரண்டே தடவை.

நான் நோயியல் ஆய்வுகூடமொன்றில் தொழில்நுட்பவியலாளர். சத்திரசிகிச்சையில் வெட்டி எடுக்கும் உடம்பின் இழையமெல்லாம் எங்களிடம்தான் வரும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் பார்ப்பதற்குக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பதின்மூன்று வருடம் அதைச் செய்த கை, தங்கச்சியின் மார்பிலிருந்து விரலை எடுத்தபோதே உள்ளே இருப்பது ரத்தக்கட்டு இல்லை என்று தெரிந்துகொண்டது. அவளிடம் சொல்லவில்லை. “கிளினிக்குக்குப் போவோம்” என்று மட்டும் சொன்னேன்.

கிளினிக்கில் ஊசித் துப்பாக்கியால் இழையம் எடுத்தார்கள். விசையை அழுத்தினால் டப் என்று சத்தம் வரும், ஊசி பாய்ந்து நூல் மாதிரி ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வரும். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் தங்கச்சியின் வலது கை தானாக எழும்பி முகத்தை மறைத்தது. தாதி இரண்டு தடவை கையை இறக்கிவிட்டார். மூன்றாவது தடவை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

நான்கு துண்டுகள், போமலின் நிரப்பிய சின்னப் போத்தலில் எங்கள் மேசைக்கு வந்தன. என்னோடு வேலை செய்யும் மடவளைக்காரி, என்னைவிட ஆறு வயது மூத்தவர், லேபலில் பேரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க உடுங்க. நான் செஞ்சி தாறேன்.”

“இல்ல தாத்தா, நானே செய்றேன்.” அவர்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன்.

“ஒங்கட தங்கச்சியாச்சே.”

“அதனாலதான்.”

துண்டுகளை மெழுகில் பதித்தேன். ஒரு தலைமுடியின் தடிப்பை இருபதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு, அவ்வளவு மெல்லிசாகச் சீவினேன். சாயம் ஏற்றினேன். டாக்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். அது என் வேலை இல்லை. இருந்தும் பார்த்தேன்.

நல்ல மார்பு இழையத்தில் பால் போகும் குழாயைச் சுற்றிக் கலங்கள், உடம்பின் செல்கள், இரண்டு வரிசையாக நிற்கும். வெளியே மெல்லிய ஒரு சவ்வு இருக்கும். கலம் எவ்வளவு பெருகினாலும் அந்தச் சவ்வைத் தாண்டாது. தங்கச்சியின் இழையத்தில் வரிசையும் இல்லை, சவ்வும் இல்லை. சவ்வைக் கரைக்கும் நொதிகளைத் தாங்களே சுரந்து, அதைத் தின்றுவிட்டு, கலங்கள் கொழுப்புக்குள் புகுந்திருந்தன. ஒரு கரு மற்றதைப் போல இல்லை. சில மூன்று மடங்கு பெருத்துக் கறுத்துக் கிடந்தன. பிரிகிற கலத்தில் டி.என்.ஏ.வைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் இரண்டு பக்கம்தான் இழுபட வேண்டும். இங்கே மூன்று பக்கம் இழுபட்டு, கிழிந்து, மிச்சம் நடுவில் சிதறிக் கிடந்தது. அப்படிக் கிழிந்த கலம் செத்துப்போக வேண்டும். டி.என்.ஏ. திருத்த முடியாதபடி உடைந்தால் பிரியாமல் நில், இல்லாவிட்டால் உன்னை நீயே கொன்றுவிடு என்று கட்டளையிடும் புரதம் ஒன்று ஒவ்வொரு கலத்திலும் இருக்கிறது. இந்தக் கலங்களில் அந்தக் கட்டளை வேலை செய்யவில்லை. உடைந்தபடியே பிரிந்தன, பிரிந்ததும் மறுபடி உடைந்தன. நடுவில் ரத்தம் எட்டாத இடத்தில் ஆயிரக்கணக்கில் பட்டினியாகச் செத்து, இளஞ்சிவப்புக் குப்பையாகக் கிடந்தன. அந்தக் குப்பையைச் சுற்றி உயிருள்ளவை நெருக்கியடித்துக்கொண்டு இன்னும் பிரிந்துகொண்டிருந்தன. 

பிறகு கலத்தில் ஹோர்மோன் போன்றவை பற்றிக்கொள்ளும் மூன்று ஏற்பிகளுக்கும் தனித்தனிச் சாயம் போட்டோம். அந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் அதைக் குறிவைத்து மருந்து கொடுக்கலாம். மூன்றும் வெறுமையாக வந்தன.

அதே துண்டின் ஓரத்தில் வேறொன்றும் இருந்தது. கபில நிறத்தில் பொடிப்பொடியாக. ரத்தம் கசிந்து, அது உடைந்து, துப்புரவு செய்யும் பெரிய கலங்கள் அதைத் தின்ற பிறகு வயிற்றில் மிஞ்சும் இரும்பு அது. இரும்புக்கு உரிய சாயத்தைப் போட்டேன். துண்டின் ஓரம் முழுக்க நீலமாக எழும்பியது. நீலத்துக்குப் பக்கத்தில் நசுங்கிச் செத்த கொழுப்பு. அதைச் சுற்றிப் பழைய தழும்பு நார்.

எங்கள் டாக்டர் ஒரு சிங்கள அம்மா, ஐம்பது கடந்தவர், தேவையில்லாமல் பேசமாட்டார். பத்து நிமிடம் பார்த்தார்.

“கேன்சர் இருக்கு. அதோட இன்னொன்றும் இருக்கு” என்றார் சிங்களத்தில். “இந்தப் பிள்ளைக்குப் பலமா அடி விழுந்திருக்கு. ஒரு தடவை இல்லை. பழையது ஆறி, அதற்கு மேலே புதுசு. யார் இது?”

“என் தங்கச்சி, மேடம்.”

அவர் கண்ணை நுணுக்குக்காட்டியிலிருந்து எடுத்தார். பக்கத்திலிருந்த கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவனும் தங்கச்சி இருக்கும் அதே தோட்டத்தில், இரண்டு லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை, தள்ளி இருந்தான். கவ்வாத்து வேலை. நாங்கள் மூன்று பேரும் பிறந்ததும் அங்கேதான். எனக்குப் பதினைந்து வயதில் அம்மா வயிறு வீங்கிச் சாகக் கிடந்தபோது, அந்த வீங்கிய வயிற்றோடு அம்மாவை லொறியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அண்ணன். அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று என்றால் அவனுக்குப் பொறுமை என்பதே கிடையாது. தங்கச்சி கெஞ்சித் தடுத்ததால்தான் அதுவரை அவள் புருஷன்மேல் கை வைக்காமல் இருந்தான்.

கேன்சர் என்றேன். அவன் ஒன்றுதான் கேட்டான்.

“அவன் அடிச்ச எடத்துலயா?”

“ஆமா” என்றேன்.

எந்த மார்பு என்று கேட்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் கேட்டது வேறு. எனக்கு அது விளங்கியது ஞாயிற்றுக்கிழமைதான்.

ஞாயிறு காலை பத்தரை மணிபோல, தங்கச்சியைச் சிகிச்சைக்குக் கூட்டிவருவதற்காக நான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் புருஷன் தண்ணீர் கொட்டும் பீலியடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் வாசலை எட்டவில்லை, மேலே மலைப் பக்கத்திலிருந்து அண்ணன் இறங்கி வந்தான். ஓடவில்லை. வேலைக்குப் போகிறவன் மாதிரி நடந்துதான் வந்தான். கையில் கவ்வாத்துக் கத்தி. கட்டைவிரல் தடிப்புள்ள தேயிலைக் கொப்பை ஒரே இழுப்பில் அறுக்கிற கத்தி அது.

 முதல் வெட்டு புருஷனின் தோளில் விழுந்தது. சட்டை பிளந்து, சதை பிளந்து, ஒரு நொடிக்கு ரத்தமே வராமல் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு கொட்டியது. அவன் அலறிக்கொண்டே திரும்பி இடது கையால் கத்தியைப் பிடிக்கப் பார்த்தான். இரண்டாவது வெட்டு அந்தக் கையின் விரல்களுக்குக் குறுக்கே போனது. அவன் சறுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் ஹெல்மெட் கிடந்தது. அதை எடுத்து வலது கையால் அண்ணனின் முகத்தில் வீசினான். எலும்பு முறிகிற சத்தம் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. அண்ணனின் இடது கண் அப்போதே மூடிக்கொண்டது. ஆனாலும் கத்தியை விடவில்லை.

தங்கச்சி உள்ளேயிருந்து ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தாள். யாருடைய முழங்கை என்று எனக்குத் தெரியாது. அது அவளுடைய இடது மார்பில் இடித்தது. அவள் மடங்கி சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதைப் பார்த்துத்தான் அண்ணன் நின்றான். பக்கத்து லயத்து ஆம்பளைகள் நான்கு பேர் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். சவர்க்கார நுரையோடு ரத்தம் கலந்து வடிகானில் ஓடியது.

நான் தோளில் துணியை வைத்து அழுத்தினேன். தங்கச்சியின் தோளில் இல்லை, அவள் புருஷனின் தோளில். வேறு யாரும் அவனைத் தொட முன்வரவில்லை. ரத்தம் என் விரல்களுக்கிடையே சூடாக வந்துகொண்டிருந்தது. இப்படியே கையை எடுத்துவிட்டால் என்ன என்று ஒரு தடவை நினைத்தேன். எடுக்கவில்லை.

பொலிஸில் அண்ணன் ஒரு கண்ணோடு வாங்கில் உட்கார்ந்திருந்தான். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன் காரணம் கேட்டபோது சொன்னான்: “அவன் அடிச்சு அடிச்சு எந்தங்கச்சிக்குக் கேன்சரைக் குடுத்துட்டான் சார். அவ சாகப்போறா. அதான் வெட்டுனேன். இவகிட்டக் கேளுங்க, இவ லேப்ல வேலை.”

சார்ஜன் என்னைப் பார்த்தார். “மிஸ், அடித்தால் கேன்சர் வருமா?”

எதிர் வாங்கில் புருஷனின் அம்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் திறந்திருந்த ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். பதின்மூன்று வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வராது சார்” என்றேன். “அடிச்சா ரத்தக் குழாய் உடையும். கலம் சாகும். செத்ததை உடம்பு துப்புரவு பண்ணிரும். கேன்சர் வாறது கலத்துக்குள்ள இருக்கிற டி.என்.ஏ. மாறுறதால. ஒரு பிழை இல்ல, ஒண்ணுக்கு மேல ஒண்ணா பல பிழை. அதுக்கு வருஷக்கணக்கு ஆகும். இது அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தொடங்கியிருக்கலாம்.”

“அப்போ அவன் காரணம் இல்லை?”

“கேன்சருக்கு இல்ல.”

அதோடு நிறுத்திவிட்டேன். இழையத்தின் ஓரத்தில் பார்த்த நீலத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணன் தரையில் துப்பினான். ரத்தமும் ஒரு பல்லும் வந்தன. புருஷனின் அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

இரண்டு நாளில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது: அக்காகாரியே சொல்லிவிட்டாள், அவன்மேல் தப்பில்லை.

அண்ணனை வழக்கு வரும்வரை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். புருஷன் இருபத்தேழு தையலோடு வீட்டுக்கு வந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தங்கச்சிக்கு முதல் மருந்து ஏற்றி, என்னோடு அனெக்ஸில் வைத்துக்கொண்டேன். அவள் மூன்று நாள் வாந்தி எடுத்தாள். வாய்க்குள் தோல் உரிந்து, தண்ணீர் குடித்தாலும் அழுதாள். அந்த மருந்துக்குக் கேன்சர் கலம் எது, நல்ல கலம் எது என்று தெரியாது. வேகமாகப் பிரிகிற எதையும் கொல்லும். வாய்த்தோல், குடல், மயிர்க்கால் எல்லாம் வேகமாகப் பிரிகிறவைதான்.

பத்தாம் நாள் மாமியார் வந்தாள். வாசலில் நின்று என்னோடு பேசாமல் தங்கச்சியோடு பேசினாள். “அவனுக்கு ஒரு கையில ஆக்கித் திங்க முடியல. ஒம் புருஷன்தானே. வா.”

போகாதே என்று நான் தங்கச்சியின் கையைப் பிடித்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்றும் சொல்லமுடியாது.

“நீதானே அக்கா சொன்ன, அவரால வரலன்னு. அப்ப எதுக்கு நான் இங்க ஒளிஞ்சிக்கிட்டு இருக்கணும்?”

என் கையை விலக்கினாள். அவள் பையை எடுத்துக்கொண்டு மாமியாருக்குப் பின்னால் போனாள்.

அடுத்து நடந்ததை அவள் வாயால்தான் கேட்டேன். போய் ஒரு வாரம். மத்தியானம் அவன் சாப்பாட்டுக்கு வந்தான். சோறு ஆக்கவில்லை. அவள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றான். எழுந்திருக்கவில்லை. “ஒங்க ரத்தத்துலயே இருக்கிற வியாதிக்கு நான் வெட்டு வாங்கினேன்” என்று சொல்லிக் காலால் தொடையில் உதைத்தான். பிறகு நல்ல கையால் கொண்டையைக் கொத்தாகப் பிடித்து, அடுப்புப் பக்கம் இழுத்தான்.

முடி வந்துவிட்டது. கை பிடித்த அளவு முழுவதும், வேரோடு, ஒரு வலியும் இல்லாமல். இழுத்த வேகத்தில் அவன் பின்னால் போய் அலுமாரியில் மோதினான். கையைப் பார்த்தான். உதறினான். வியர்வையில் ஒட்டிக்கொண்ட முடி விழவில்லை. மறுபடி மறுபடி உதறினான். தங்கச்சி தலையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் வெறும் தோல் கையில் பட்டது.

“அவரு முகத்தைப் பாத்தேன் அக்கா. பயந்துட்டாரு. அவ்வளவு நாள் அடிச்சாரே, அப்பல்லாம் நான்தான் பயந்திருக்கேன். அவரு பயந்து பாத்ததே இல்ல. அதப் பாத்த ஒடனே எனக்கு எழுந்திருக்க முடிஞ்சிச்சு.”

தரையில் கிடந்த முடியை எல்லாம் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் சொப்பின் பேக்கில் போட்டாள். தலையில் துணியைக் கட்டினாள். ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிப் பொலிஸுக்குப் போனாள். அதே சார்ஜன்தான் இருந்தார். பையை அவர் மேசையில் கவிழ்த்தாள்.

சார்ஜன் எனக்குப் போன் பண்ணினார். வேலை உடுப்போடு அப்படியே ஓடினேன். நான் போனபோது முடி இன்னும் மேசையில் இருந்தது. யாரும் தொடவில்லை.

“மிஸ், இது மருந்தால விழுகிற முடிதானே?” என்று சார்ஜன் கேட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி பேசினாள். “மருந்தைப் பத்தி அக்காகிட்டக் கேளுங்க. அடியைப் பத்தி எங்கிட்டக் கேளுங்க.”

பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூன்று வருடத்தை அவள் ஒன்றரை மணித்தியாலத்தில் சொன்னாள். பெல்ட், விறகுக்கட்டை, ஹெல்மெட், கதவில் நசுக்கிய விரல். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் முடித்த பிறகு நான் சொன்னேன்.

“சார், அன்னைக்கு நீங்க கேன்சரைப் பத்தி மட்டும் கேட்டீங்க. நான் அதுக்கு மட்டும் பதில் சொன்னேன். அந்த இழையத்துல அடியும் இருக்கு. வாரக்கணக்கா பழசான அடி. எங்க டாக்டர் பாத்திருக்காங்க. நீதிமன்றம் கேட்டா எழுதிக் குடுப்பாங்க.”

அவர் பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?”

“தெரியல சார்.” அது உண்மை இல்லை. சரியான விடையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் அன்றைக்கு நான் நின்றுவிட்டேன். என் தங்கச்சி அந்த விடையைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

நீதவான் முன்னால் எங்கள் டாக்டர் அறிக்கையோடு வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அடியால் புற்றுநோய் வராது என்பதை டாக்டர் ஏற்றுக்கொள்கிறாரா என்று கேட்டார். “ஏற்றுக்கொள்கிறேன்” என்றார் டாக்டர். “நான் எழுதியிருப்பது புற்றுநோயைப் பற்றி இல்லை. அது இருந்திருக்காவிட்டாலும் இந்தக் காயங்கள் அங்கே இருந்திருக்கும்.” வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சிக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. அவன் அவள் இருக்கிற இடத்துக்கோ வேலைத்தலத்துக்கோ வரக்கூடாது. அடித்ததற்கான வழக்கு தனியாக நடந்தது. அண்ணனுக்கும் தண்டனை உண்டு, ஆனால் உள்ளே போகத் தேவையில்லாத ஒத்திவைக்கப்பட்ட சிறை. வெளியே வரும்போது அவன் என்னோடு பேசவில்லை.

தங்கச்சியின் வயதையும், மூன்று சாயமும் வெறுமையாக வந்ததையும், எங்கள் அம்மா வயிறு வீங்கிச் செத்ததையும் வைத்து டாக்டர் இன்னொரு பரிசோதனை செய்யச் சொன்னார். இரத்தம் எடுத்து அனுப்பினோம். டி.என்.ஏ. உடைந்தால் அதை ஒட்டவைக்கிற புரதங்களில் ஒன்றை உண்டாக்கும் பரம்பரையலகில் பிழை இருந்தது. ஒவ்வொருவருக்கும் அந்தப் பரம்பரையலகு இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பிறக்கும்போதே கெட்டிருந்தால், மிஞ்சிய ஒன்று ஏதோ ஒரு கலத்தில் கெட்டாலே போதும். அந்தக் கலத்தில் உடைவதை ஒழுங்காக ஒட்ட ஆள் இல்லை. அம்மாவைக் கொன்றது சூனியம் என்று லயத்தில் சொன்னார்கள். அது பெரும்பாலும் சூலகப் புற்று, சினைப்பையில் வருவது. எனக்கும் இரத்தம் பார்த்தார்கள். எனக்கும் அதே பிழை, அதே இடத்தில்.

அண்ணனிடம் இதைச் சொல்ல நானே போனேன். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன் அவன். அந்தப் பிழை அவனிடம் இருந்தால் அவர்களுக்கும் போயிருக்கலாம். கன்னத்து எலும்பு கோணலாக ஒட்டி, இடது கண் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

“அப்ப அன்னைக்குப் பொலிஸ்ல சொன்னது நெசந்தானா? அவனைக் காப்பாத்தச் சொல்லலையா?”

“நான் ஏண்ணே அவனைக் காப்பாத்தணும்?”

“அம்மாகிட்ட இருந்தா வந்துச்சு?”

“ம்.”

அவன் எழுந்து லயத்துச் சுவரில் குத்தினான். ஒரு தடவை இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்து, முட்டித் தோல் கிழிந்து, சுவரில் சிவப்பாகப் பதிகிற வரைக்கும் குத்தினான். பிள்ளைகள் இரண்டும் அண்ணியின் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தன. நான் தடுக்கவில்லை. அவன் வெட்டுவதற்கு இந்தத் தடவை யாரும் இல்லை. கடைசியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரத்தம் எங்கே எடுப்பார்கள் என்று கேட்டான். ஆனால் வருவதற்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு அந்தப் பிழை இல்லை. அதை நான் போனில் சொன்னேன்.

“எனக்கு இருந்து ஒங்களுக்கு இல்லாம இருந்திருக்கலாம்” என்றான்.

“ஒனக்கு ரெண்டு பொண்ணு இருக்குண்ணே. அப்படிச் சொல்லாத.”

தங்கச்சியின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தது எங்கள் ஆய்வுகூடத்துக்குத்தான் வந்தது. அதை மடவளைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு நான் அன்றைக்கு லீவு போட்டேன். மருந்து அநேகமாக எல்லாவற்றையும் கொன்றிருந்தது என்று பிறகு சொன்னார். நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். நெஞ்சுத் தோல் வெந்து கொப்பளித்தது, ஆறியது. அவள் இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள். முடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. முன்பு அவளுக்குச் சுருட்டை இல்லை.

போன வருடம் என் சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுத்தார்கள். அம்மாவுக்கு வந்தது எனக்கு வருமுன் எடுத்துவிடச் சொன்னார்கள். நாற்பது வயதில் உடம்பு ஒரே நாளில் கிழடாகிப்போனது மாதிரி இருந்தது. வார்டில் இரண்டாம் நாள் எனக்கு இருமல் வந்தது. இருமினால் தையல் பிய்ந்துவிடும் போல வலி. தங்கச்சி தலையணையை என் வயிற்றில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப இருமு” என்றாள்.

இருமினேன். வலித்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது.

“அக்கா, நான் ஒன்ன ஒண்ணு கேக்கவா? அன்னைக்குப் பொலிஸ்ல நீ பொய் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“அண்ணனுக்குத் தண்டனை கொறைஞ்சிருக்கலாம். நீ திரும்பிப் போயிருக்கமாட்ட.”

 “போயிருப்பேன். வேற ஏதாவது காரணம் சொல்லிட்டுப் போயிருப்பேன்” என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மறுபடி இருமல் வந்தது. அவள் தலையணையை அழுத்தினாள்.

அடுத்த மாதம் எனக்கு மார்பு ஸ்கேன். கூட வருவதற்கு அவள் தையல் நிலையத்தில் அரைநாள் லீவு கேட்டு வைத்திருக்கிறாள்.